எட்டாம் தளத்து அட்டிகை

பிற்பகல் 2.40.

எட்டாம் தளத்து நடைவழியில் அந்த அலறல் கேட்டபோது இன்ஸ்பெக்டர் ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கார்டைச் செருகினாள், சிவப்பு விளக்கு. துப்பட்டாவில் துடைத்துச் செருகினாள். மறுபடியும் சிவப்பு விளக்கு. மூன்றாவது முறை கதவை ஓர் உதை உதைத்தும் பார்த்தாள்.

“அது நம்ம ரூம் இல்ல,” என்றார் பின்னால் நின்ற கணவர். பல் மருத்துவர். யாருக்கும் வலிக்காத குரலில் பேசிப் பழகியவர். “நம்மது எதிர்ல, 824. நீ 823-ஐ உடைச்சிட்டிருக்க.”

“ரெண்டு பக்கமும் ஒரே கதவு, ஒரே கம்பளம். மனுஷன் எப்படிக் கண்டுபிடிக்கறது?”

பதிலுக்குக் காத்திராமல் தும்மினாள். காலையிலிருந்து அது எத்தனையாவது தும்மல் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. புதுக் கம்பளத்தின் வாசனை அவளுக்கு ஆகவில்லை. அந்தக் கப்பலில் எதுவுமே அவளுக்கு ஆகவில்லை. துறைமுகத்தில் மூன்று வரிசைகளில் நின்றாயிற்று. பெட்டி இன்னும் அறைக்கு வரவில்லை. பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றேகால் வரை பால்கனியில் நின்று, கீழே துறைமேடையில் குவிந்து கிடந்த பெட்டிகளில் தன்னுடைய நீலப் பெட்டியைத் தேடியதில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒன்பது வருடத்தில் கிடைத்த முதல் நீண்ட விடுப்பு இது. அதுவும் தானாகக் கிடைக்கவில்லை. மேலதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசியதற்காக ஆறு மாதமாக ஆவண அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தவளை, கணவர்தான் கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்திருந்தார். பத்து நாளைக்குப் போலீஸ் பேச்சே இல்லை என்று ஒப்பந்தம்.

அலறல் 821-லிருந்து வந்தது.

“போகாத,” என்றார் கணவர்.

அதற்குள் போய்விட்டிருந்தாள்.

821-ன் கதவு திறந்திருந்தது. உள்ளே அலமாரிக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரிக்குள் இருந்த சின்ன இரும்புப் பெட்டகத்தின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“என் அட்டிகை! எங்க அம்மாவோட சிவப்புக்கல் அட்டிகை!”

அவள் தோளை அணைத்தபடி இன்னொரு பெண், பத்து வயது இளையவள், ஒல்லியாக, முழங்கைவரை சட்டைக் கையை மடித்துவிட்டவள். “அக்கா, அழாதக்கா. இங்கதான் எங்கயாவது இருக்கும்.” வாசற்படி ஓரத்தில் அக்காவின் கணவர், கனத்த உடம்பும் குற்றவாளி முகமுமாக நின்றார்.

பிற்பகல் 3.05.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி கையில் வயர்லெஸ்ஸும் கக்கத்தில் கோப்புமாக வந்தார். இன்ஸ்பெக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவர் மிக மரியாதையாகப் புன்னகைத்தார்.

“ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா நீங்க இங்க பயணி. போய் ரெஸ்ட் எடுங்க. மேல நீச்சல் குளம் இருக்கு.”

“சும்மா நின்னு கேக்கறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

“எப்ப உள்ள வச்சீங்க?”

“கப்பல்ல ஏறின உடனே,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. “பன்னிரண்டு அம்பது இருக்கும். நானும் தங்கச்சியும்தான் வந்தோம். இவர் படி ஏறினதும் ‘ஒரு சுத்து சுத்திட்டு வரேன்’னு போனவர்தான்.”

“ரூமை யார் திறந்தா?”

“திறந்துதான் இருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டிருந்தாங்க போல. கார்டு, டிக்கெட் எல்லாம் தங்கச்சி கைலதான். எனக்கு இந்த நம்பர், கார்டு எதுவும் மண்டையில ஏறாது. அவ பின்னாடியே வருவேன், போவேன்.”

“பெட்டக நம்பர்?”

“நான்தான் போட்டேன். ‘நீ மறந்துடுவ, அம்மா பிறந்த வருஷத்தை வையி’ன்னு இவ சொன்னா. வச்சுப் பூட்டினேன். இழுத்துப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. அப்புறம் அரை பாட்டில் தண்ணி குடிச்சேன். பால்கனியில ரெண்டு நிமிஷம் காத்தாட நின்னேன். பக்கத்துப் பால்கனியில யாரோ ஓயாம தும்மிட்டே இருக்கவும், முதல் நாளே சளி ஒட்டிக்கப் போகுதுன்னு பயந்து உள்ள வந்துட்டேன். அப்புறம் சாப்பிடப் போனோம். ரெண்டு நாப்பதுக்கு வந்து பாத்தா...” மீதியை அழுகை விழுங்கிவிட்டது.

“நடுவுல யாராவது தனியாப் போனீங்களா?”

“இல்லவே இல்ல. இவ என் பக்கத்தை விட்டு நகரல.”

தங்கை தலையாட்டினாள். “நான் என் ரூமுக்குள்ளகூட இன்னும் போகல. எதிர்லதான், 822. அக்காவை விட்டுட்டு எங்க போறது?”

இன்ஸ்பெக்டர் அக்காவின் கணவரிடம் திரும்பினாள். “நீங்க ஒன்னே முக்கால் மணி நேரம் எங்க இருந்தீங்க?”

“சும்மா... வேடிக்கை பாத்துட்டு...”

“எதை?”

“கப்பலை.”

“எந்தப் பக்கம்?”

அவருக்கு வியர்த்தது. இன்ஸ்பெக்டர் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். பையின் விளிம்பில் சாக்லெட் க்ரீம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“எத்தனை துண்டு?”

“நாலு,” என்றார் அவர், உடைந்த குரலில். “சர்க்கரை இருக்குன்னு வீட்ல கேக்கைக் கண்ணால பாக்க விடமாட்டா.”

அழுதுகொண்டிருந்த அக்கா ஒரு கணம் அட்டிகையை மறந்துவிட்டுக் கணவரை முறைத்தாள்.

பிற்பகல் 3.25.

பாதுகாப்பு அதிகாரிக்குக் கேக்கில் அக்கறை இல்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“ஒரு மணிக்கு எல்லாக் கதவையும் சாத்திட்டோம். அதுக்கப்புறம் யார் திறந்தாலும் கம்ப்யூட்டர்ல பதிவாகும். இந்த 821-ஐ ஒன்னுலேர்ந்து ரெண்டு நாப்பது வரைக்கும் ஒரே ஒரு ஆள்தான் திறந்திருக்கார். ஒன்னு நாப்பத்தஞ்சுக்கு. இந்தத் தளத்தோட அறைப் பணியாளர்.”

அவரை அழைத்து வந்தார்கள். நாற்பது தாண்டிய மனிதர். பதினான்கு வருடம் கடலில் கழித்தவர் என்பது அவருடைய நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது. முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது.

“துண்டு வைக்கப் போனேன் சார். ரெண்டு நிமிஷம்தான்.”

“பெட்டகம்?”

“திறந்துதான் இருந்துச்சு. ஆள் வராத ரூம்ல திறந்துதான சார் விட்டு வைப்போம்.”

“ஆள் வராத ரூமா?” அதிகாரி சீறினார். “இந்த அம்மா பன்னிரண்டு அம்பதுக்கே வந்து பூட்டிட்டுப் போயிருக்காங்க.”

“எனக்கு அப்படித் தோணல சார். விரிப்பு கலையல. பாட்டில்கூட...”

“போதும்.” அதிகாரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். “பெட்டகத்தோட மெமரியைப் பாத்தாச்சு, தப்பா அழுத்தினா மட்டும்தான் அதுல பதியும். தப்பான நம்பர் ஒரு தடவைகூட அழுத்தப்படல. அப்போ எல்லாப் பெட்டகத்தையும் திறக்கற மாஸ்டர் நம்பர் தெரிஞ்ச ஆள்தான். மாஸ்டர் நம்பர் மேற்பார்வையாளர்கிட்ட இருக்கு. இவர் எட்டிப் பாத்திருப்பார். முடிஞ்சுது கதை.”

“அவர்கிட்ட நகை கிடைச்சுதா?”

“கிடைக்கும். நாலே முக்காலுக்கு இறங்குபடியை எடுத்துடுவோம். அதுக்குள்ள இவரைக் கரையில போலீஸ்கிட்ட ஒப்படைச்சுடுவேன். அவங்க பாத்துப்பாங்க.”

“மேடம்,” என்றார் பணியாளர், அதிகாரியை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரிடம். “இறக்கி விட்டுட்டாங்கன்னா இனிமே எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. எனக்கு இந்த வேலையை விட்டா வேற ஒன்னும் தெரியாது.”

தங்கையின் கை அக்காவின் தோளிலிருந்து நழுவியது.

“நீங்க சொல்றது சரியில்ல,” என்றாள் இன்ஸ்பெக்டர் அதிகாரியிடம். “திருடினவன் பெட்டகத்தைத் திறந்து போட்டுட்டா போவான்? சாத்திட்டுப் போனா ராத்திரி வரைக்கும் யாருக்கும் தெரியாதே.”

“பதட்டத்துல மறந்திருப்பான் மேடம்.”

“பதினாலு வருஷ ஆளுக்கா பதட்டம்?”

“மேடம், ப்ளீஸ். புகார்ப் படிவம் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். உங்களுக்கும் ஏதாவது புகார் இருந்தா அதுலயே எழுதிக் குடுங்க.”

ஆறு மாதமாக இதே வார்த்தைகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுங்கள். பார்க்கிறோம். ரெஸ்ட் எடுங்கள். கரையிலும் இதுதான், கடலிலும் இதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசைமேல் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். இரண்டிலும் மூடி முத்திரை உடையவில்லை.

பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஒரே ஒரு மீன்பிடிப் படகு. இரண்டு பக்கமும் மறைப்புப் பலகைகள். உள்ளே திரும்பி வந்து பணியாளரைக் கேட்டாள்.

“பக்கத்து ரூமெல்லாம் யாரு?”

“இந்த வரிசையில 819-ம் 823-ம் காலி மேடம். இந்தத் தடவை புக் ஆகல. அதனால கதவைக்கூட நேத்தே பூட்டியாச்சு.”

அதிகாரி பணியாளரைக் கூட்டிக்கொண்டு போனார்.

பிற்பகல் 3.50.

824-ல் கணவர் படுக்கையில் சாய்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அந்தச் சின்ன அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

“கொஞ்சம் உக்காரேன். எனக்கும் தூக்கம் வருது. மத்தியானமே ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னு பாத்தேன். நீ பால்கனியில நின்னு தும்மு தும்முன்னு தும்மின. சரி, பழகினதுதான்னு கண்ணை மூடினா, இந்தப் பக்கத்து ரூம்லேர்ந்து டிட் டிட் டிட் டிட்னு ஒரு சத்தம். அப்புறம் ரெண்டு பொம்பளைங்க பேச்சு. சுவரா இது, அட்டைப்பெட்டி.”

இன்ஸ்பெக்டர் நடையை நிறுத்தினாள்.

“எந்தப் பக்கத்து ரூம்?”

அவர் தலைமாட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் 822.

“எத்தனை டிட்?”

“நாலு. அப்புறம் ஒரு நீள டிட். ஏன், என்ன ஆச்சு? இப்படிப் பாக்கற?”

தும்மினாள். தும்மிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

“நான் ஒரு மடச்சி,” என்றாள். “எழுந்திருங்க.”

மாலை 4.10.

பாதுகாப்பு அதிகாரி வர மறுத்தார். கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள் இருக்கின்றன என்றார். கேப்டனிடம் கேட்க வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் அவருடைய மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி, அவர் எழுந்திருக்கும்வரை அங்கேயே நிற்கப்போவதாகச் சொன்னாள். பின்னால் நின்ற பல் மருத்துவர், “நிப்பா சார். எனக்கு அனுபவம்,” என்றார்.

4.22-க்கு எல்லோரும் 822-ன் வாசலில் கூடினார்கள்.

“இது என் தங்கச்சி ரூமாச்சே,” என்றாள் அக்கா. “இங்க எதுக்கு?”

“உங்க கார்டைக் குடுங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர் தங்கையிடம்.

தங்கை அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள்.

கதவு திறந்தது. “அம்மா, நீங்க மட்டும் முதல்ல போங்க. லைட்டைப் போடுங்க.”

அக்கா திரை மூடிய இருட்டுக்குள் ஓர் அடி வைத்தாள். அவள் கை தன்போக்கில் வலது பக்கச் சுவருக்குப் போயிற்று. விளக்கு எரிந்தது. அவள் திகைத்துத் திரும்பினாள்.

“இங்க பாருங்க, தேடாமலே போட்டுட்டேன். அந்த ரூம்ல சாப்பிட்டுட்டு வந்தப்ப சுவிட்சைத் தேடித் தேடி...” பாதியில் நிறுத்தினாள். மேசையைப் பார்த்தாள். அங்கே ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது.

“அலமாரியைத் திறங்க. பெட்டகத்துல உங்க நம்பரைப் போடுங்க.”

டிட். டிட். டிட். டிட். ஒரு நீள டிட். பெட்டகம் திறந்தது. மடித்த வெல்வெட் துணிமேல் சிவப்புக்கல் அட்டிகை இருந்தது.

பாதுகாப்பு அதிகாரிதான் முதலில் தொண்டையைச் செருமினார். “இங்க எப்படி வந்துச்சு?”

“எங்கயும் போகல, வரல. இந்த அம்மா வச்ச இடத்துலதான் இருக்கு,” என்றாள் இன்ஸ்பெக்டர். “821-ம் 822-ம் எதிரெதிர் ரூம். ரெண்டும் ஒரே மாதிரி, இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். நானே மத்தியானம் எதிர்க் கதவோட சண்டை போட்டேன். பன்னிரண்டு அம்பதுக்கு எல்லாக் கதவும் திறந்து கெடந்துச்சு. தங்கச்சி அக்காவைக் கூட்டிட்டு வந்தது 821-க்கு இல்ல, இந்த ரூமுக்கு. எந்த நம்பர் வைக்கணும்னு சொல்லிக் குடுத்ததும் இவங்கதான். அக்கா தன் கையாலயே நகையைத் தங்கச்சியோட பெட்டகத்துல வச்சுப் பூட்டினாங்க. சாப்பிட்டுத் திரும்பினப்ப நிஜ ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க பெட்டகம் காலையிலேர்ந்து பூட்டவே இல்ல. அதான் திறந்து கெடந்துச்சு, அதான் தப்பு நம்பர் ஒன்னுகூட இல்ல. பாட்டில் முத்திரையும் உடையல. அந்த ஆள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ‘ஆள் வராத ரூம்’னார். கேட்டோமா?”

“அது எப்படி மேடம் உங்களுக்கு...”

“தும்மல். பக்கத்துப் பால்கனியில யாரோ தும்மினதா இந்த அம்மா சொன்னாங்க. 821-க்கு ரெண்டு பக்கமும் காலி ரூம், பூட்டின ரூம். அப்போ தும்மினது யாரு?” அவள் வெறுப்போடு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான்தான். அந்த நேரத்துல 824 பால்கனியில நின்னது நான். அதுக்குப் பக்கத்துப் பால்கனி இதோ, இது. சாட்சி என் மூக்கு நுனியிலயே இருந்துச்சு. ஒரு மணி நேரம் அது தெரியாம உங்களைத் திட்டிட்டிருந்தேன்.”

அக்கா மெல்லத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி?”

“தெரியாதா உனக்கு?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“அதான்க்கா.” தங்கையின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. “நான் கேக்கணும். பதினோரு வருஷம் அம்மாவைத் தூக்கி உக்கார வச்சது, குளிப்பாட்டினது, ஊட்டினது நான். நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை பழம் வாங்கிட்டு வந்த. அம்மா போன மறுவாரம் ‘மூத்தவளுக்குத்தான்’னு நீயே பீரோவைத் திறந்து எடுத்துக்கிட்ட. ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டியா? இன்னிக்கு ராத்திரி விருந்துக்கு இதைப் போட்டுட்டு நீ உக்காருவ, எதிர்ல நான் உக்காந்து அழகா இருக்குன்னு சொல்லணும். நெனச்சுப் பாத்தேன். முடியல.”

அக்கா அட்டிகையைக் கையில் எடுத்தாள். அணியவும் இல்லை, நீட்டவும் இல்லை. பிறகு அதிகாரியிடம் சொன்னாள்.

“சார், புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். திருட்டு எதுவும் நடக்கல. நான்தான் ரூம் தெரியாம மாத்தி வச்சுட்டேன்.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “ரொம்ப நல்லது மேடம். அவர் பேர்ல எழுதினதை அடிச்சுடறேன். எல்லாம் சுபம்.”

“என்ன சுபம்?” இன்ஸ்பெக்டருக்குக் காது மடல் சூடேறியது. ஒரு வழக்கு கண்ணெதிரே தண்ணீராக வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. கைது இல்லை, வாக்குமூலம் இல்லை, கேட்க அவளுக்கு அதிகாரமும் இல்லை. “அந்த மனுஷனைத் திருடன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் நடத்திக் கூட்டிட்டுப் போனீங்க. இப்ப ஒரு கோடு அடிச்சாப் போதுமா? அவரை இங்க கூப்பிடுங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க.”

மாலை 4.41.

அறைப் பணியாளர் சீருடையைக் கழற்றிவிட்டுச் சொந்தச் சட்டையில் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதிகாரி தரையைப் பார்த்தபடி, “தப்பு நடந்துபோச்சு. நீங்க வேலைக்குப் போகலாம்,” என்றார். அக்கா, “மன்னிச்சுக்கோங்க தம்பி, நான்தான் ரூம் தெரியாம...” என்று ஆரம்பித்தாள்.

“இல்ல,” என்றாள் தங்கை.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பணியாளருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“நான்தான் எடுத்தேன். வேணும்னே. உங்களைப் புடிப்பாங்கன்னு நினைக்கல. ஆனா புடிச்சப்ப பாத்துட்டு நின்னேன். நாலே முக்கால் ஆகட்டும்னு கடிகாரத்தைப் பாத்துட்டுதான் நின்னேன்.”

பணியாளர் நெடுநேரம் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தாள். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. துணிப்பையைக் கீழே வைத்தார்.

“உங்களுக்கு வேற தளத்துல ரூம் மாத்தித் தரச் சொல்லுங்கம்மா,” என்றார். “பத்து நாளைக்கு இந்த ரூமை என்னால கூட்ட முடியாது.”

அதிகாரி அவசரமாக வாயைத் திறந்தார். “அதெல்லாம் பணியாளர் முடிவு பண்ற விஷயம் இல்ல...”

“எழுதிக்கோங்க சார்,” என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டார். வெளியே இறங்குபடியை இழுக்கும் சங்கிலிச் சத்தம் கேட்டது.